கேஸ் முடிந்ததும் மனசை ஓரங்கட்டி வைப்பது சரியா, தப்பா?

#1 மூன்றாம்ஷிப்ட்

எல்லோருக்கும் வணக்கம். ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக (அவசர மருத்துவ உதவியாளர்) வேலை பார்க்கிறேன். எங்கள் வண்டி நிற்பது நாற்கரச் சாலை ஓரம். பிரசவக் கேஸுக்குச் சமமாக விபத்துக் கேஸும் வரும்.

சமீபத்தில் ஒரு காலை நேரம். அப்பாவோடு பைக்கில் பள்ளிக்குப் போன பையன். ஜி.ஹெச். கேஷுவால்டியில் ஒப்படைக்கும்போதே உயிர் இல்லை. வெளியே வந்து வண்டியைக் கழுவினோம். அவனுடைய டிபன் பாக்ஸ் திறந்து எலுமிச்சைச் சாதம் தரையெல்லாம் சிந்திக் கிடந்தது. அள்ளிப் போட்டுவிட்டு, ஹைப்போ ஊற்றித் துடைத்து, கிளவுஸ் டப்பாவை நிரப்பி, ஆக்சிஜன் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கால் வந்துவிட்டது. பிரசவ வலி. "பயப்படாதம்மா, மூச்சை நல்லா இழுத்து விடு" என்று அந்தப் பெண்ணிடம் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தேன். வண்டியிலேயே பெண் குழந்தை பிறந்தது.

வீட்டில் இதைச் சொன்னேன். நாத்தனார் கேட்டார்: "எப்படி அண்ணி அடுத்த நிமிஷமே சிரிக்க முடியுது? உங்களுக்கு அழுகையே வரலையா?" அன்றைக்கு வரவில்லை. இப்போதும் பெரிதாக வரவில்லை. நன்றாகத் தூங்குகிறேன், சாப்பிடுகிறேன். ஆனால் யூடியூபைத் திறந்தால் எல்லா டாக்டரும் "உணர்ச்சியை அடக்காதீர்கள், நோய் வரும்" என்கிறார்கள். நான் வேண்டுமென்றேதான் தள்ளி வைக்கிறேன். வைக்காவிட்டால் அடுத்த கேஸில் கை நடுங்கும். இது கோளாறா?

#2 வேப்பமரம்

தங்கச்சி, உன் வேலைக்கு முதலில் ஒரு கும்பிடு. ஆனால் அடக்கி வைப்பது நல்லதில்லைம்மா. மனசு குக்கர் மாதிரி. விசில் போகவில்லை என்றால் ஒருநாள் மூடியே பறக்கும். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழு. தலையணையை நாலு குத்து குத்து. பாரம் இறங்கும்.

#3 கேள்விக்குறி

குக்கருக்குள் நீராவி இருக்கிறது. மனசுக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா, அண்ணாச்சி?

#4 மனப்பாடம்

மருத்துவ உளவியல் என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேப்பமரம் ஐயா சொல்வது நாடெங்கும் நம்பப்படுவதுதான். 1895இல் வியன்னா மருத்துவர்களான பிராய்டும் பிராயரும் சேர்ந்து எழுதிய காலத்திலிருந்தே, அடைபட்ட உணர்ச்சியை வெளியே விட்டால் நோய் தீரும் என்ற எண்ணம் மேற்கில் வேரூன்றிவிட்டது. தலையணையைக் குத்தும் யோசனைக்கும் பாட்டன் அதுதான். ஆனால் சோதித்துப் பார்த்தவர்களுக்கு வேறு விதமாகக் கிடைத்தது. பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில் 600 மாணவர்கள். முதலில் அவர்களுக்குக் கோபம் மூட்டினார்கள். பிறகு ஒரு கூட்டத்தாரை, கோபமூட்டிய ஆளை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார்கள். இன்னொரு கூட்டத்தார் எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதிகக் கோபத்தோடு எழுந்தவர்கள் குத்தியவர்கள்தான். சும்மா இருந்தவர்களிடம் மூர்க்கம் குறைவாக இருந்தது.

இது கோபத்தைப் பற்றிய ஆய்வு, துக்கத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் "வெளியே விட்டே ஆக வேண்டும்" என்பது இயற்கை விதி கிடையாது என்று தெரிகிறது.

மூன்றாம்ஷிப்ட் மேடம், தூக்கம், சாப்பாடு, வேலை, வீட்டு மனிதர்களிடம் ஒட்டுதல் எல்லாம் சரியாக இருக்கும்போது அழுகை வராததை மட்டும் வைத்து யாரும் உங்களை நோயாளி ஆக்க முடியாது.

#5 வேப்பமரம்

சார், அப்படியென்றால் அந்த வெள்ளைக் கரடி விஷயம் என்ன? "நினைக்காதே" என்று சொன்னால் அதைத்தான் நினைப்போம் என்று என் பேத்தியே காலேஜில் படித்துவிட்டு வந்து சொன்னாள்.

#6 மனப்பாடம்

பேத்தி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரின் ஆய்வு அது, 1987. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் செய்தது. ஐந்து நிமிடம் மனதில் வருவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு "இப்போது நினைக்கலாம்" என்றதும், முன்பு தடுத்து வைத்திருந்தவர்களுக்குக் கரடி இன்னும் அதிகமாக வந்தது.

அதே ஆய்வின் இரண்டாம் பகுதியை யாரும் சொல்வதில்லை. சிலரிடம், "கரடி நினைவுக்கு வந்தால் அதற்குப் பதிலாக ஒரு சிவப்பு வோக்ஸ்வாகன் காரை நினையுங்கள்" என்றார்கள். அவர்களுக்கு அந்தப் பின்விளைவு வெகுவாகக் குறைந்தது. வெறுமனே "நினைக்காதே" என்று கட்டளை போட்டுவிட்டு மனதைக் காலியாக விட்டால்தான் சிக்கல். போய் உட்கார ஓர் இடம் கொடுத்தால் மனசு அங்கே போகிறது. மேடத்துக்கு அந்த இடம் அடுத்த கேஸ்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் குழம்புகிறோம். நினைப்பைத் தள்ளிப்போடுவது வேறு, உள்ளே பொங்கிக்கொண்டிருக்கும்போது முகத்தில் காட்டாமல் இருப்பது வேறு. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் 1990களில் செய்த ஆய்வுகளில் மனதை உலுக்கும் படங்களைப் போட்டுக் காட்டி, முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்றார்கள். முகம் அமைதியாகிவிட்டது. ரத்த ஓட்டமும் வியர்வையும் அடங்கவில்லை. அவர்கள் உடம்பு சும்மா பார்த்தவர்களுடையதைவிட அதிகமாகத்தான் உழைத்தது. யூடியூப் டாக்டர்கள் பயமுறுத்துவது இந்த இரண்டாவது ரகத்தை வைத்து. பிரசவத்துக்கு வந்த பெண்ணிடம் நீங்கள் சிரித்தது நடிப்பா, நிஜமா?

#7 மூன்றாம்ஷிப்ட்

நிஜம்தான் சார். அந்த நேரத்தில் அந்தப் பெண்தான் கண்ணில் இருந்தாள். தலை வெளியே வந்துவிட்டது, கொடி சுற்றியிருக்கிறதா என்று விரலால் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் நினைவில்லை.

#8 டயாலிசிஸ்_வாசல்

எனக்கு இந்த இழை ரொம்பத் தேவையான நேரத்தில் வந்திருக்கிறது. அம்மாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். நான் வேலைக்கும் போக வேண்டும். ஒரு காலகட்டத்தில் ஆபீஸில் எக்செல் ஷீட்டைப் பார்த்தபடியே "பொட்டாசியம் ஏறியிருக்குமோ, ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்கு ஊசி போடக் கையில் செய்த ரத்தக்குழாய் இணைப்பு) அடைத்துவிட்டால் என்ன செய்வது, பணம் எவ்வளவு நாளைக்கு வரும்" என்று ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது ஒரு கவுன்சலர் சொன்னது: கவலைப்படாதே என்று சொல்ல மாட்டேன், நேரம் ஒதுக்கிக் கவலைப்படு.

சாயங்காலம் ஆறரை மணி, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அரை மணி நேரம். அதற்கு முன் எந்தக் கவலை வந்தாலும் போனில் ஒரு வரி குறித்துக்கொண்டு "ஆறரைக்குப் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவேன். மேலே போய் அந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பாதிக்கு மேல் அப்போது செத்த பாம்பாக இருக்கும். மிச்சத்தில் சிலவற்றுக்கு ஏதாவது செய்ய முடியும், யாருக்காவது போன் போடலாம், பில்லைத் தேடலாம். ஒன்றும் செய்ய முடியாத ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். சில நாள் அழுகை வரும். ஏழு மணிக்குக் கீழே இறங்கி அம்மாவுக்கு அளந்து வைத்த தண்ணீரைக் கொடுக்க வேண்டும், அதனால் அதற்கு மேல் நீளாது.

#9 மனப்பாடம்

அருமை. இது பென்சில்வேனியாவில் தாமஸ் போர்கோவெக் குழு 1983இல் வெளியிட்ட முறைதான். தினமும் அதே நேரம், அதே இடம், அரை மணி நேரம். இடம் மாறக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. படுக்கையில் படுத்துக் கவலைப்பட்டால் படுக்கையே கவலைக்கான இடம் ஆகிவிடும், அப்புறம் தலையணையைப் பார்த்தாலே மூளை கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடும். மொட்டை மாடி நாற்காலி நல்ல தேர்வு. சாய்வு நாற்காலி வேண்டாம்.

#10 பழையஸ்டாஃப்

ஐ.சி.யூ.வில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மூன்றாம்ஷிப்ட் பாப்பா, உன்னைப் போல ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டிலில் போர்வையை இழுத்து மூடிவிட்டு, கையைக் கழுவி, அடுத்த கட்டில்காரரிடம் "இட்லி சாப்பிட்டீங்களா" என்று கேட்டால்தான் அந்த வேலை நடக்கும். அதைக் கேட்கத் தெரியாதவர்கள் சீக்கிரம் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் ஒன்று. ஒருமுறை மோசமான விபத்துக்குப் பிறகு எங்கள் எல்லோரையும் ஒரு அறையில் உட்கார வைத்து, "நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லுங்கள், என்ன உணர்ந்தீர்கள் என்று சொல்லுங்கள்" என்றார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். எங்களில் ஒரு சின்னப் பெண் அந்தக் கேஸில் இருக்கவே இல்லை, மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை. இதற்கு ஏதாவது விளக்கம் உண்டா?

#11 மனப்பாடம்

உண்டு, அக்கா. அந்த முறையை 1983இல் எழுதி அறிமுகப்படுத்தியவர் ஜெஃப்ரி மிட்செல், அவரே தீயணைப்புத் துறையிலும் ஆம்புலன்ஸிலும் இருந்தவர். உலகம் முழுக்கப் பரவியது. பிறகு சோதனைகளை எல்லாம் தொகுத்துப் பார்த்த 2002ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) மதிப்பாய்வு, சம்பவம் நடந்த கையோடு ஒருமுறை உட்கார வைத்துக் கிளறுவதால் பின்னாளில் வரும் மனவடு நோய் தடுக்கப்படவில்லை என்றது. தீக்காயம் பட்டவர்களை வைத்து நடந்த ஒரு சோதனையில், பேச வைக்கப்பட்டவர்களின் நிலைமை பேச வைக்கப்படாதவர்களைவிட மோசமாக இருந்தது. அதனால் இப்போது பேரிடர் இடங்களில் கட்டாயப்படுத்திப் பேச வைப்பதில்லை. தண்ணீர், போர்வை, வீட்டுக்கு ஒரு போன், பக்கத்தில் ஒரு ஆள். பேச விரும்பினால் கேட்பார்கள்.

பேசுவது கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்போது, யாரிடம், எவ்வளவு என்பதை அந்த ஆள்தான் தீர்மானிக்க வேண்டும்.

#12 வல்லைவெளி

வணக்கம், யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட செத்தவீட்டைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஆட்கள் வர வர, வருகிறவரைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்து அழுவினம். அவர் போய் முற்றத்தில் இருந்ததும், அழுத அதே மனிசி கண்ணைத் துடைத்துக்கொண்டு "தேத்தண்ணி குடுத்தாச்சோ" என்று கேட்பா. வெளிநாட்டில் பிறந்த என்ர மருமகன் அதைப் பார்த்துவிட்டு நடிப்பு என்று நினைத்துவிட்டான். நடிப்பில்லை. அழுகிறதுக்கு ஒரு நேரம், அடுப்பைப் பார்க்கிறதுக்கு ஒரு நேரம். பிறகு எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று நாள் குறித்துத் திரும்பத் திரும்ப அந்தத் துக்கத்திடம் போகிறோம்.

என்ர அம்மாவின் கதையையும் சொல்கிறன். போர்க்காலத்தில், 1995 ஒக்டோபர் 30 இரவு எங்கட வலிகாமம் பகுதி முழுக்க இடம்பெயர்ந்தபோது அம்மம்மாவும் எங்களோட வந்தவ. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது மோசம் போனா. செத்தவீடு செய்ய வசதியில்லை, அவசரமாகக் கொண்டுபோய் எரித்தது. அம்மா அழேல்லை. எங்களுக்கு உடுப்பு, சாப்பாடு, தண்ணி வரிசை, அதுதான் அவவுக்கு. பிறகும் கன வருசம் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. எல்லாரும் சொன்னவை, இவ ஒருநாள் உடைந்துபோவா என்று. பிதிர்க்கடன் செய்கிற கீரிமலைத் தீர்த்தத்துக்குத் திரும்பப் போகலாம் என்று வந்த பிறகு, ஒரு சித்திரா பூரணைக்கு மாமாவோட போய் அம்மம்மாவுக்குப் பிதிர்க்கடன் செய்தா. கேணிப்படியில் இருந்து அன்றைக்கு நல்லா அழுதா. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மம்மாவின் குசும்புகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தா. இடையில் இருந்த அத்தனை வருசமும் அவ ஆரோக்கியமாகத்தான் இருந்தவ. எங்களை வளர்த்தவ.

#13 மனப்பாடம்

வல்லைவெளி, இதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதவில்லை. நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோப, ஹென்க் ஷுட் இருவரும் 1999இல் துக்கம் பற்றி முன்வைத்த கருத்தும் இதுதான்: இழப்பின் பக்கம் கொஞ்சம், வாழ்க்கையின் பக்கம் கொஞ்சம், மாறி மாறிப் போய்வருவதுதான் ஆரோக்கியம். ஒரே பக்கம் நின்றுவிட்டால் சிரமம். இதற்குத்தான் நம் ஊரில் எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று வைத்திருக்கிறார்கள் என்று நான் ஆராய்ச்சி முடிவாகச் சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

#14 கேள்விக்குறி

நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். கேம்பிரிட்ஜில் சுல்கைதா மாமத், மைக்கேல் ஆண்டர்சன் 2023இல் வெளியிட்டது. 16 நாடுகள், 120 பேர், கொரோனா காலம். வருங்காலத்தில் நடந்துவிடுமோ என்று அவர்கள் பயந்த விஷயங்களுக்கு ஒவ்வொரு குறிச்சொல். திரையில் அந்தச் சொல் வரும். அதைப் பார்த்துக்கொண்டே, அது கிளப்பும் காட்சியை மனதில் ஓடவிடாமல் நிறுத்த வேண்டும். மூன்று நாள் பயிற்சி. பயங்கள் மங்கின, மனநிலை மேம்பட்டது, கரடி திரும்பி வரவில்லை. ஏற்கெனவே பதற்றம் அதிகம் உள்ளவர்களுக்கே பலன் கூடுதல். எனவே நேரம் குறித்துத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவசியமா? ஒரேயடியாகத் தள்ளிவிட்டுப் போக வேண்டியதுதானே?

#15 மனப்பாடம்

நல்ல ஆய்வு, என் மாணவர்களுக்கும் கொடுக்கிறேன். ஆனால் அதில் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். குறிச்சொல்லைக் கண்கொண்டு பார்க்க வேண்டும். வேறு பக்கம் திரும்பக் கூடாது. வேறு நினைப்பை இழுத்துவந்து மறைக்கவும் கூடாது. "ஆமாம், இது இருக்கிறது" என்று தெரிந்துகொண்டேதான் காட்சியை நிறுத்துகிறார்கள். பயத்தின் வாசலில் நின்றுகொண்டு உள்ளே போக மறுப்பது அது. அந்தத் தெருப்பக்கமே போகாமல் சுற்றுவழியில் போவதை அந்த ஆய்வு ஆதரிக்கவில்லை.

#16 மூன்றாம்ஷிப்ட்

தெருப்பக்கமே போகாமல் என்று எழுதியதும் ஒன்று உறைத்தது சார். அந்தப் பையன் கேஸ் நடந்த இடம் ஒரு பெட்ரோல் பங்க் திருப்பம். டூட்டியில் அந்த வழியாகத்தான் போக வேண்டும், போகிறேன். ஆனால் திருப்பம் வருவதற்கு முன்பே பைலட் அண்ணாவிடம் (எங்கள் வண்டி டிரைவர்) ஏதாவது பேச்சுக் கொடுத்துவிடுகிறேன், டீசல் எவ்வளவு இருக்கு, டயர் மாத்தணுமே என்று. லீவு நாளில் மகனை டியூஷனுக்கு விடப் போகும்போது அந்த வழி பக்கம், ஆனாலும் ஊருக்குள்ளே புகுந்துதான் போகிறேன். அப்புறம் வீட்டில் எலுமிச்சைச் சாதம் செய்யவே இல்லை. என் மகனுக்கு அது ரொம்பப் பிடிக்கும், கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

#17 பழையஸ்டாஃப்

இதுதான் பாப்பா. எனக்கு ரொம்ப நாள் ஒரு குறிப்பிட்ட சோப்பு வாசனை ஆகாது.

#18 மனப்பாடம்

பயப்பட வேண்டியதில்லை, மேடம். ஆனால் கவனிக்க வேண்டியது இதைத்தான், அழுகை வந்ததா வரவில்லையா என்பதை விட்டுவிடுங்கள். தள்ளி வைத்த ஒரு விஷயம் வைத்த இடத்தில் கிடந்தால் நல்லது. அதைத் தொடாமல் இருக்க உங்கள் வழியையும் சமையலையும் மாற்ற வேண்டி வந்தால், அதற்கு நீங்கள் வாடகை கொடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். இப்போதைக்குச் சின்ன வாடகைதான். உணர்ச்சிக் கொந்தளிப்பு மிகுந்தவர்களுக்கு மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த சிகிச்சையில் "வலியைக் கற்பனையில் ஒரு பெட்டியில் போட்டு மூடிவை" என்று ஒரு பயிற்சி உண்டு, அதிலும் "கொஞ்ச நேரத்துக்கு" என்ற நிபந்தனையோடுதான் சொல்கிறார்கள்.

செய்யக்கூடியது: லீவு நாளில், பகலில், கூட யாரையாவது வைத்துக்கொண்டு அந்தத் திருப்பம் வழியாக டியூஷனுக்குப் போங்கள். ஒருமுறை போனால் போதாது, நெஞ்சு படபடப்பு தானாகக் குறைகிற வரை சில தடவை. எலுமிச்சைச் சாதத்தை அவசரப்படுத்த வேண்டாம், அது பின்னால் வரட்டும்.

கனவில் அதே காட்சி திரும்பத் திரும்ப வந்தால், கண் முன்னே இப்போது நடப்பதுபோல் தோன்றினால், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போட்டால், மகனிடம்கூட எதுவும் தோன்றாமல் மரத்துப்போனால், அது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், இங்கே எங்களிடம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நேரில் காட்ட வேண்டும். அதற்கு நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன, அவற்றில் முக்கியமானவை பாதுகாப்பான இடத்தில் அந்த நினைவின் பக்கம் போகிறவைதான்.

#19 மட்டுறுத்துநர்

இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக: அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இந்தியாவில் எங்கிருந்தும் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

#20 வேப்பமரம்

எல்லாம் சரி. குக்கரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், தலையணையையும். ஆனாலும் ஒரு சந்தேகம் மனப்பாடம் சார். இந்தத் தங்கச்சிக்கு எப்படியோ மனசு சொன்னபடி கேட்கிறது. என்னைப் போன்றவனுக்கு? மனைவி போனதிலிருந்து எதையும் தள்ளி வைக்க முடியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வந்து நிற்கிறது.

#21 மனப்பாடம்

ஐயா, அதை இங்கே இரண்டு வரியில் சொல்லிவிட முடியாது, தனி மடல் போட்டிருக்கிறேன். உடனடியாக ஒன்று மட்டும்: இரண்டு மணிக்கு வந்தால் படுக்கையில் கிடந்து அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். எழுந்து வெளி அறைக்குப் போய், மங்கலான விளக்கில் உட்காருங்கள். தூக்கம் வந்த பிறகு படுங்கள். பகலில் உங்கள் மனைவியைப் பற்றிப் பேச ஒரு ஆளும் ஒரு நேரமும் வேண்டும். பேத்தி இருக்கிறாரே?

#22 வேப்பமரம்

இருக்கிறாள். அவள் கேட்பாள். அவளுக்குப் பாட்டியின் கதை என்றால் உயிர்.

#23 டயாலிசிஸ்_வாசல்

மூன்றாம்ஷிப்ட் அக்கா, உங்களுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்குமே, என்னைப் போல ஆறரை மணி என்று வைக்க முடியாதே?

#24 மூன்றாம்ஷிப்ட்

அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மணி கணக்கு ஒத்துவராது. ஷிப்ட் மாற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டதும் பைலட் அண்ணாவும் நானும் எதிர்க்கடையில் டீ குடிப்போம். அங்கேயும் கேஸைப் பற்றிப் பேசுவதில்லை, வண்டியைப் பற்றித்தான் பேசுவோம். இனிமேல் அந்த டீயை அதற்கு வைத்துக்கொள்ளலாமா? அவருக்கும் அந்தக் காலை மனசில் இருக்கும் என்று நினைக்கிறேன், கேட்டதே இல்லை.

#25 மனப்பாடம்

வைத்துக்கொள்ளலாம். நேரம் மாறினாலும் "ஷிப்ட் முடிந்த டீ" மாறாது, அது போதும். இரவு ஷிப்ட் முடிந்து நேரே தூங்கப் போகிற நாளில் மட்டும் வேண்டாம், தூங்கி எழுந்த பிறகு வேறு நேரம் பாருங்கள். அவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு வேண்டாம் என்றால் டயர் பேச்சே இருக்கட்டும், நீங்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

#26 பழையஸ்டாஃப்

நான் இருக்கேன் பாப்பா. பகலில் எப்போது வேண்டுமானாலும் தனி மடல் போடு.

#27 மூன்றாம்ஷிப்ட்

சரி அக்கா. இந்த வாரம் முழுக்க நைட். ஞாயிற்றுக்கிழமை மகனையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு பங்க் வழியாகப் போகப் போகிறேன். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.